சாம்சன் சார் ஒரு இன்ஃபினிட் லூப்

8 டிசம்பர் 2014, திங்கள்

இன்று எங்கள் பாலிடெக்னிக்குக்கு ஒரு புது வாத்தியார் வந்திருக்கிறார். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, டீ குடிக்கப் போகமாட்டார். இணையத்திலேயே குடியிருக்கிறார். பெயர் போர்டல்.

சென்னையிலிருந்து டை கட்டிய ஒருத்தன் வந்து லேபில் போட்டுக் காட்டினான். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் சி லேங்வேஜ் சொல்லிக்கொடுக்கிறான். வாயில் சூடான இட்லியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு இங்கிலீஷ். பிள்ளைகள் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் கீழே இருக்கிற பெட்டியில் புரோகிராம் எழுத வேண்டும். அதை மெஷினே திருத்தி மார்க் போட்டுவிடும். எந்த செக்ஷன் எவ்வளவு பார்த்தது, என்ன மார்க் என்பதெல்லாம் தாளாளர் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரில் கலர் கலராகத் தெரியும். அதற்குப் பெயர் டேஷ்போர்டு.

தாளாளர் பலராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பெனிகளுக்கு விற்றது போக வடக்குப்பட்டு பக்கம் மிஞ்சிய நிலத்தில் இந்தக் காலேஜைக் கட்டினவர். "இன்னாம்மா காந்திமதி, இனிமே உனுக்குத் தொண்டத் தண்ணி மிச்சம்" என்றார். பல்லைக் காட்டி வைத்தேன்.

சாம்சன் தலையாட்டினார். நான் ஏ செக்ஷனுக்கு சி எடுக்கிறேன், அவர் பி செக்ஷனுக்கு. அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை? ஃபேன் போட்டாலும் ஆட்டுவார்.

என் செக்ஷன் கவியா என்னைப் பார்த்து, "மிஸ், அவரு இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள். எல்லாம் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள். எனக்கே பாதிதான் புரிந்தது. அதை அவளிடம் சொல்வானேன்.

9 டிசம்பர், செவ்வாய்

நெட் இல்லை. வெள்ளைக்காரப் பையன் திறந்த வாயை மூடாமல் நாள் முழுக்க நின்றான். நல்ல நாள்.

16 டிசம்பர், செவ்வாய்

முதல் டெஸ்ட். என் செக்ஷன் மொத்தமும் பூஜ்யம்.

இரண்டு எண்ணைக் கூட்டச் சொல்லிக் கேட்டிருந்தது. என் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவார்கள். எழுதினார்கள். விடையும் சரி. ஆனால் மெஷின் தப்பு என்கிறது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

நான் எட்டு வருஷமாக ஒன்று சொல்லிக்கொடுத்து வருகிறேன். எண்ணை வாங்குவதற்கு முன்னால் "என்டர் த நம்பர்" என்று திரையில் ஒரு வரி வர வேண்டும். கேட்காமல் கையை நீட்டிக்கொண்டு நின்றால் இது எதற்காக நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? போர்டு பரீட்சைக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் அந்த வரி இல்லையென்றால் மார்க்கை வெட்டுவார். போர்டலுக்கோ விடை மட்டும்தான் வேண்டுமாம். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை வந்தாலும் தப்பு. சென்னைக்கு ஃபோன் போட்டேன். "மெஷினுக்கு அந்த மரியாதையெல்லாம் தேவையில்ல மேடம், ரிமூவ் பண்ணிடுங்க" என்றான் அந்த டை.

இதில் என்ன கொடுமை என்றால் பி செக்ஷன் பாஸ். டை கட்டினவன் வந்த அன்றைக்கே சாம்சன் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியே மேடம்."

எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசித்ததில்லை. இன்று யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்: பிடிக்கவில்லை.

23 டிசம்பர், செவ்வாய்

ஸ்டாஃப் மீட்டிங். அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரே செக்ஷன்தான். சுற்று வட்டாரத்தில் கம்பெனிகள் ஆளைக் குறைக்கின்றன, சேர்க்கை இல்லை. ஆகவே சி எடுக்க இரண்டு பேர் எதற்கு? பலராமன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "நானு யாரையும் போன்னு சொல்லல. அந்த டேஷ்போர்டுல எந்த செக்ஷன் மேல கீதோ, அந்த ஸ்டாஃப் இருக்கட்டும். மிஷினு பாத்து சொல்றது. என் மேல யாரும் கோச்சுக்க முடியாது, இன்னா சாம்சன்?"

சாம்சன் தலையாட்டினார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் பெயர் நெல்லையப்பன். காந்திமதிக்கு நெல்லையப்பன் என்று திருநெல்வேலியில் பெயரைப் பார்த்தே முடித்துவைத்த கல்யாணம். இவர் கம்பெனியில் லைனையே நிறுத்திவிட்டார்கள். யூனிஃபாரம் மாட்டிக்கொண்டு போய் கேன்டீனில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். பொங்கலுக்குப் பிறகு அதுவும் இருக்காது என்கிறார்கள்.

"ஒன் வேலையாவது நிக்கணும்ளா, பாத்துக்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

6 ஜனவரி 2015, செவ்வாய்

இன்று வெள்ளைக்காரப் பையன் வாயை அடைத்துவிட்டேன்.

சத்தத்தை மொத்தமாகக் குறைத்தேன். படம் ஓடட்டும், பேச்சு நான் பேசுகிறேன். அவன் வரைகிற படங்கள் தேவலை. அதைச் சொல்ல வேண்டும்.

ஒயில் லூப். ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கிற வரைக்கும் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். நிபந்தனை மாறவே மாறாவிட்டால் முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒரு முகத்திலும் வெளிச்சம் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லேபிலிருந்து சாம்சன் குரல். "புரிஞ்சிதா? புரிஞ்சிதா?" எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"நம்ம சாம்சன் சார் இருக்காருல்ல? அவர்ட்ட ஒரு சந்தேகம் கேளுங்க. சொல்லிட்டு 'புரிஞ்சிதா'ம்பார். புரியலன்னா அதையே மறுபடி முதல்ல இருந்து சொல்லுவார். புரியாத வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார். அவர் சொல்ற அழகுல யாருக்காவது புரியுமா?"

"புரியாது மிஸ்!"

"அப்ப எப்பல முடியும்?"

"முடியவே முடியாது மிஸ்!"

"அதான் இன்ஃபினிட் லூப்."

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். பிள்ளைகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். உடனே ஒரு லூப் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார்கள். கடைசி பெஞ்சு வரைக்கும்.

தப்புதான். ஆனால் எழுதிவிட்டார்களே?

21 ஜனவரி, புதன்

இப்போதெல்லாம் சாம்சன் இல்லாமல் எனக்குப் பாடம் எடுக்க வருவதில்லை.

வேரியபிள் என்கிற டப்பாவில் மதிப்பு எதுவும் போடாமல் விட்டால் உள்ளே குப்பை இருக்கும். எதைப் போல? சாம்சன் சார் மண்டையைப் போல. பாயின்டர் என்றால் மதிப்பை வைத்திருக்காது, மதிப்பு எங்கே இருக்கிறது என்கிற அட்ரஸை மட்டும் வைத்திருக்கும். எட்டு வருஷமாகப் பாயின்டர் நடத்தி ஒருத்தருக்கும் புரிய வைத்ததில்லை. இன்று சொன்னேன்: "சாம்சன் சார்ட்ட போய் சந்தேகம் கேட்டா அவர்ட்ட பதில் இருக்காது. பதில் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுவார். 'காந்திமதி மேடத்துகிட்ட போய்க் கேளு.'" அவ்வளவுதான். பாயின்டர் முடிந்தது.

வாய்டு ஃபங்ஷனுக்கு மட்டும் ஆளை மாற்றினேன். அது வேலையெல்லாம் செய்யும், திருப்பி ஒன்றும் தராது. "லேபுக்கு யுபிஎஸ் கேட்டு நம்ம தாளாளர் ரூமுக்குப் போங்க. ஒரு மணி நேரம் பேசுவார். வெளிய வரும்போது கையில என்ன இருக்கும்?" என்றேன். "வாய்டு!" என்று கத்தினார்கள்.

டெஸ்டில் ஏ செக்ஷன் மேலே வந்துவிட்டது. ஆனால் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் டேஷ்போர்டில் எங்கள் பெயருக்கு எதிரே 'ஸ்லோ' என்று சிவப்பில் எழுதி வருகிறது. போகட்டும் சனியன்.

29 ஜனவரி, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் சாம்சன், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே: "உங்க கிளாஸ்ல ஒரே சிரிப்பு சவுண்டா கீதே மேடம், சினிமா எதுனா போட்டுக்கினு கீறீங்களா?"

"பாடம்தான் சார் நடக்குது. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். நான் ரசித்துச் சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இன்று கம்பெனியில் கடைசி நாள். ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இனி எதற்கு மணி பார்ப்பது என்று சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

11 பிப்ரவரி, புதன்

பி செக்ஷன் எங்களை முந்திவிட்டது. கொஞ்சநஞ்சமில்லை. எட்டிப் பிடிக்க முடியாத உயரம்.

எப்படி? அந்த ஆள் வீடியோவைப் போட்டுவிட்டு ஃபோனை நோண்டிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். விடையை எங்கிருந்தாவது எடுத்து எல்லாருக்கும் ஒட்டக் கொடுக்கிறார். வேறு வழியே இல்லை. பிடிக்கிறேன். பிடித்து பலராமன் முன்னால் நிறுத்தாவிட்டால் என் பெயர் காந்திமதி இல்லை.

18 பிப்ரவரி, புதன்

இதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஃப்ரீ அவர். திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பி செக்ஷன் லேப் பக்கம் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். அதட்டல் குரல். நம் காலேஜில் இப்படிக் கத்துகிற பொம்பளை யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் — நான்தான்.

"சாம்சன் சார் மண்டைக்குள்ள என்னல இருக்கும்? குப்பை!"

புரொஜெக்டரில் வெள்ளைக்காரப் பையன் வாயசைக்கிறான். ஸ்பீக்கரில் நான் பேசுகிறேன். என் பிள்ளைகள் பஸ்ஸில் கேட்பதற்காக ஃபோனில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், அது புளூடூத்தில் இங்கே வந்திருக்கிறது. இதைக் கவியா பிறகு அழுதுகொண்டே சொன்னாள்.

சாம்சன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் கையைத் தூக்கினான். சாம்சன் எழுந்துபோய் ஆடியோவைப் பின்னால் தள்ளினார். "சாம்சன் சார் மண்டைக்குள்ள என்னல இருக்கும்?" மறுபடியும். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்கிறார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இல்லையா என்று நான் கேட்டேன். நான் கேட்டேன்! அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

"மேடம், நீங்க என்னைத் திட்றத ஒரு தபா கேட்டா கோவம் வர்து. ரெண்டு தபா கேட்டா அழுகை வர்து. அப்பால பாடம் தெரியுது. என் பசங்களுக்கும் அப்டித்தான். உங்க பசங்க கிளாஸ்ல ஒரு தபாதான் கேட்டாங்க, எங்க பசங்க எத்தினி தபா வேணுன்னாலும் கேக்கறாங்க. அதான் மார்க்கு."

"அது என் பாடம்."

"எனுக்குக் குடும்பம் கீது மேடம். போய் சொல்லுங்களேன் சார்கிட்ட, உங்க பாடம்னு. போட்டுக் காட்டுங்களேன்."

போட்டுக் காட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். என் பாடம் என்று சொன்னால் என் திட்டும் என்னுடையது ஆகிவிடும். கூட வேலை பார்க்கிறவரைக் குப்பை என்று சொன்ன டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்? சொல்லாவிட்டால் டேஷ்போர்டு அவர் பக்கம். எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் ஆப்பு. அதுவும் நானே சீவிக் கொடுத்த ஆப்பு.

வெறுப்பாக இருக்கிறது. அவர் மேலும், பதிவு செய்த ஃபோன்கள் மேலும். திரும்பத் திரும்பக் கேட்டால் புரியும் என்று அந்த டை கட்டினவன் முதல் நாளே சொன்னான், அவன் மேலும்.

19 பிப்ரவரி, வியாழன்

ஃபோனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டேன். சாம்சன் பெயரையும் எடுக்கவில்லை. வகுப்பு செத்த வீடு மாதிரி இருந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

13 மார்ச், வெள்ளி

முடிந்தது.

பலராமன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். டேஷ்போர்டைத் திருப்பிக் காட்டினார். பி மேலே, ஏ கீழே. "அப்ப சாம்சன் இருக்கட்டும். இன்னாம்மா, மிஷினு சொல்லிச்சு, நான் சொல்லல" என்றார்.

சாம்சன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான். வேறு எதுவாக இருந்தாலும் நான் பொறுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன். வீட்டில் இவர் வேலை தேடி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அலைந்து காலெல்லாம் வீங்கிக் கிடக்கிறார். இந்த ஆள் என் தொண்டையில் ஏறி நின்றுகொண்டு தலையாட்டுகிறார்.

"அந்த மார்க்கு என்னுது சார். என் ஆடியோவப் போட்டுத்தான் அவர் பாடம் நடத்துறார்" என்று சொல்லி, கவியாவிடமிருந்து வாங்கி வைத்திருந்த ஆடியோக்களை வரிசையாக என் ஃபோனில் போட்டு மேஜையில் வைத்தேன்.

இன்ஃபினிட் லூப் வந்தது. பலராமன் சிரிக்க ஆரம்பித்தார். பாயின்டருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சாம்சன், உன்னைத் துணி தோய்க்கிற மாதிரி தோய்ச்சிட்டாங்களே! இது உன் கிளாஸ்ல ஓடிச்சாமே, தெரியுமா உனுக்கு?"

"தெரியாது சார்" என்றார் சாம்சன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பலராமனுக்கு அவ்வளவு சிரிப்பு. ஃபோனை எடுக்கத்தான் கையை நீட்டினேன். அதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிட்டது. "நம்ம தாளாளர் ரூமுக்குப் போங்க. ஒரு மணி நேரம் பேசுவார்..."

பாயின்டரும் வாய்டும் ஒரே நாள் பாடம் என்று எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. முழுசாக ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டாமா? அறிவு கெட்டவளே!

வாய்டு என்று வகுப்பு மொத்தமும் கத்தி ஓய்ந்தது.

"பரீச்ச முடியிற வரைக்கும் வா. அப்பால வராத" என்றார் பலராமன். சாம்சன் எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். மரியாதையாம்.

10 ஏப்ரல், வெள்ளி

பிராக்டிகல் முடிந்தது. இரண்டு செக்ஷனும் நன்றாகச் செய்தன. எக்ஸாமினர் சாம்சனுக்குக் கை கொடுத்தார். நான் லேப் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2 மே, சனி

இவருக்கு ஒரு குடோனில் வேலை. நிற்கிற வேலை. எனக்கு இன்னும் ஒன்றும் இல்லை.

19 ஜூன், வெள்ளி

சுங்குவார்சத்திரத்தில் டீக்கடை மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கம்பெனி லைனிலிருந்து இறங்கி வருகிற பெண்கள்தான் பேட்ச். பாதிப் பேர் எங்கள் தெற்கத்திப் பிள்ளைகள். ஷிஃப்ட் மாறினால் வகுப்புக்கு வர முடிவதில்லை. அதனால் பாடத்தை நானே பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், ஹாஸ்டலில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறார்கள். இந்த யோசனை யாருடையது என்று எழுதப்போவதில்லை.

வகுப்புக்குப் போகிற வழியில் கவியாவைப் பார்த்தேன். மூன்றாம் வருஷம் போய்விட்டாள். இரண்டு செக்ஷனையும் ஒன்றாக்கிவிட்டார்களாம். ஜாவா, மறுபடியும் லூப்பிலிருந்து. என் ஆடியோவைக் காலேஜுக்குள் போடக்கூடாது என்று பலராமன் தடை போட்டுவிட்டார். "இப்ப சாரே போர்டுல போட்டு நடத்துறாரு மிஸ். நல்லா புரியுது" என்றாள்.

"அவரா? எப்படி?"

அவள் சொல்லத் தயங்கினாள். அதட்டினேன்.

"உங்கள வெச்சி மிஸ். டூ-ஒயில் லூப்புனா காந்திமதி மேடம்னாரு. மத்த லூப்லாம் மொதல்ல கண்டிஷனப் பாக்கும், அப்பால செய்யும். டூ-ஒயில் மொதல்ல செஞ்சிட்டு அப்பாலதான் கண்டிஷனப் பாக்குமாம். உங்கள மாதிரியே... கிளாஸே சிரிச்சிச்சு. நான் சிரிக்கல மிஸ்."

சிரித்திருக்கிறாள். முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வேலையை எடுத்துக்கொண்டார், குரலை எடுத்துக்கொண்டார், இப்போது பேரையுமா? மாடிப்படி ஏறும்வரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

இன்றைக்கென்று பாடமும் டூ-ஒயில்தான். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பில் பார்ப்பதைச் சொன்னேன். பஸ்ஸில் ஏறிவிட்டு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதைச் சொன்னேன். யாரும் அசையவில்லை. சந்தனமாரி என்று ஒருத்தி, ஷிஃப்ட் முடித்த அலுப்பில் கண் சொருக, "இதுக்கும் ஒயிலுக்கும் என்ன மிஸ் வித்தியாசம்?" என்றாள். மூன்றாவது தடவையாக.

சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"ஒரு டீச்சர் இருந்தா. பேரு காந்திமதி. மொதலாளி ரூமுக்குள்ள போயி ஃபோன்ல ஒண்ணப் போட்டுக் காட்டுனா. போட்ட பெறவுதான் உள்ள என்ன இருக்குன்னு பாத்தா..."

முழுக் கதையையும் சொன்னேன். சந்தனமாரி விழித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மறு நிமிஷம் எல்லாரும் எழுதிக் காட்டிவிட்டார்கள். ஒரு தப்பு இல்லை.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், பாவி.